அளப்பவனுக்கு ஓர் அளவுகோல் வேண்டாவா?

ஓர் அரசு எத்தொழிலை எவ்வளவு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவார், அவ்வரசின் அமைச்சர்தம் மேடைப் பேச்சுகளைக் கேட்க வேண்டுவதில்லை. அதன் ஊதியப் பட்டியலைப் பார்த்தாற் போதும். மேடையில் எல்லாத் தொழிலும் உயர்ந்தனவே. எல்லா உழைப்பும் போற்றத்தக்கதே. பட்டியலிலோ ஒவ்வொரு தொழிலுக்கும் நேரே ஒரு விலை எழுதப்பெற்றிருக்கும். மேடை பொய் சொல்லலாம். பட்டியல் பொய் சொல்வதில்லை. அப் பட்டியலில், நம் நாட்டின் அணைகளையும் ஏரிகளையும் சாலைகளையும் பாலங்களையும் கட்டிக் காக்க அரசுப் பணிக்கு வரும் இளம் பொறிஞர்க்கு எழுதப்பெற்றுள்ள தொடக்க விலையைப் பற்றியே இத் திங்கள் எழுதுகின்றோம்.

கூலம் என்பது தவசம். தவசமாக அளந்து தரப்பெற்றமையால் அது கூலியாயிற்று. சம்பு என்னும் நெல்லும், அளம் என்னும் உப்பும் சேர்த்துத் தரப்பெற்றமையால் சம்பளம் என்னும் சொல் பிறந்தது என்பது மொழிஞாயிறு பாவாணர் காட்டிய விளக்கம். இவ்விரு சொற்களின் அடியிலும் கிடப்பது அளத்தல் என்னும் ஒரு செயலே. உழைத்தவனுக்கு அள்ளிக் கொடுத்தனர் என்றோ, எண்ணாமற் கொடுத்தனர் என்றோ நம் மொழி சொல்லவில்லை. அளந்து கொடுத்தனர் என்றே சொல்கின்றது. அளக்க வேண்டுமாயின் மரக்கால் ஒன்று வேண்டும். அம் மரக்கால் எல்லார்க்கும் ஒன்றாயிருத்தலும் வேண்டும். வேண்டியவனுக்கு ஒரு மரக்காலும் வேண்டாதவனுக்கு ஒரு மரக்காலும் வைத்தவனை ஊர் தூற்றிற்று. அரசின் ஊதியப் பட்டியலில் நாம் தேடுவதும் அம் மரக்காலைத்தான்.

முதலில் பட்டியலை உள்ளவாறே பார்ப்போம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பொறியியற் பணித் தேர்வில் வென்று, பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி முதலிய துறைகளில் உதவிப் பொறியாளராகச் சேர்பவர்க்கு, 2017-ஆம் ஆண்டின் ஊதியத் திருத்த நெறிகள் வகுத்த 20-ஆம் நிலை. அதன் தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 உருபா. பட்டயம் பெற்று இளநிலை வரைதொழில் அலுவலராகச் சேர்பவர்க்கு 11-ஆம் நிலை, தொடக்கம் 35,400. வேளாண்மை அலுவலர்க்கும் பொறியாளர்க்குரிய அதே 37,700. மேனிலைப் பள்ளியின் முதுநிலைப் பட்டம் பெற்ற ஆசிரியர்க்கு 36,900. அலுவலகத்து இளநிலை உதவியாளர்க்கு 8-ஆம் நிலை, தொடக்கம் 19,500. அரசு மருத்துவமனையின் உதவி மருத்துவர்க்கும், கால்நடை உதவி மருத்துவர்க்கும், முதல் தொகுதித் தேர்வில் வென்று வரும் துணை ஆட்சியர்க்கும் 22-ஆம் நிலை, தொடக்கம் 56,100.

உதவிப் பொறியாளர்க்கும் துணை ஆட்சியர்க்கும் இடையில் அடிப்படை ஊதியத்தில் மட்டும் 18,400 உருபா வேறுபாடு. 2025 சூலை முதற்கொண்டு வழங்கப்பெற்ற 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால், ஒருவர்க்கு 59,566, மற்றவர்க்கு 88,638. வேறுபாடு 29,072 உருபாவாக விரிகின்றது. வீட்டு வாடகைப்படி முதலிய பிற படிகள் இக் கணக்கில் சேரா. ஆண்டுதோறும் தரப்பெறுவது 3 விழுக்காட்டு ஊதிய உயர்வு. பணியுயர்வும் தேர்வுநிலையும் இல்லையெனக் கொண்டால், 37,700-இல் தொடங்கிய பொறியாளர், துணை ஆட்சியர் தம் முதல் நாளில் நின்ற படியைக் கடப்பதற்குப் பதினான்கு ஊதிய உயர்வுகள் வேண்டும். அஃதாவது பதினான்கு மழைக்காலங்கள் ஏரிக்கரையிலும் பாலத்தடியிலும் நின்ற பின்னரே அவர் அப் படியைக் கடப்பார்.

இவ் வேறுபாடு எந்த அளவுகோலால் வந்தது? இதுவே நம் வினா.

படிப்பின் நீளமே அளவுகோல் எனக் கொள்வோம். மருத்துவப் படிப்பு, பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. கால்நடை மருத்துவமும் அவ்வாறே. பொறியியலும் வேளாண்மையும் நான்காண்டு. ஆகலின் மருத்துவர்க்கு உயர்ந்தும் பொறிஞர்க்கும் வேளாண் அலுவலர்க்கும் தாழ்ந்தும் ஊதியம் அமைந்ததெனின், அதில் ஓர் ஒழுங்கு உண்டு என ஒப்பலாம். ஆனால் துணை ஆட்சியர் பணிக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். மூன்றாண்டில் முடியும் பட்டமே போதும். படிப்பு அளவுகோலாயின் அவர் பொறிஞர்க்குக் கீழே நிற்றல் வேண்டும். அவரோ மேலே நிற்கின்றார். எனவே படிப்பு அளவுகோலன்று.

தேர்வின் கடுமையே அளவுகோல் என்பார் உளர். முதல் தொகுதித் தேர்வு முதனிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று வாயில்களை உடையது. அதில் வெல்வது அரிது என்பது மெய்யே. வென்றார் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் தேர்வின் கடுமைக்காகத் தரப்பெறுவது பரிசு. பணியின் கடுமைக்காகத் தரப்பெறுவதே ஊதியம். பரிசை ஒரு நாள் கொடுக்கலாம். முப்பதாண்டுக் காலம் திங்கள்தோறும் கொடுத்துக்கொண்டிருக்க இயலுமா? அன்றியும், பொறியியல் படித்த ஓர் இளைஞரே அத் தேர்வை எழுதித் துணை ஆட்சியரானால் அவர்க்கு 56,100. அவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த மற்றோர் இளைஞர் கற்ற தொழிலையே செய்ய வந்தால் அவர்க்கு 37,700. கற்ற தொழிலை விட்டு விலகியவனுக்கு மிகுதி. கற்ற தொழிலைக் கைக்கொண்டவனுக்குக் குறைவு. இதனினும் கேடான பாடத்தை ஓர் அரசு தன் இளைஞர்க்குக் கற்பிக்க முடியுமா?

பொறுப்பே அளவுகோல் எனக் கூறின், அதனையும் அளந்து பார்ப்போம். துணை ஆட்சியரின் பொறுப்புப் பெரிது. நிலம், வரி, சட்ட ஒழுங்கு, இடர்க்காலத் துயர்துடைப்பு எனப் பலவும் அவர் தலைமேல் உள்ளன. பொறியாளரின் பொறுப்பு யாது? ஒரு சாலையோ, மதகோ, பள்ளிக் கட்டடமோ எழும்பொழுது, அதன் நீள அகல உயரங்களைக் களத்தில் நின்று அளந்து, அளவுப் பொத்தகத்தில் தம் கையால் எழுதிக் கையொப்பமிடுபவர் உதவிப் பொறியாளர். அவர்க்கு மேலுள்ள உதவிச் செயற்பொறியாளர் அதனைச் சரிபார்ப்பார். செயற்பொறியாளர் பணத்துக்கு ஒப்புதல் தருவார். ஆனால் முதல் எழுத்து இவருடையது. அவ் வெழுத்தை நம்பியே ஒப்பந்தக்காரர்க்கு அரசுப் பணம் செல்கின்றது. அவர் எழுதிய அளவு பொய்யாயின் பணம் மட்டும் போவதில்லை. பத்தாண்டு கழித்து ஒரு கூரை விழுகின்றது. ஒரு பாலம் இறங்குகின்றது. ஏதுமறியாப் பிள்ளைகளின் உயிர் போகின்றது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 14,000 ஏரிகள், 2021-இல் பொதுப்பணித் துறையினின்று பிரிக்கப்பெற்ற நீர்வளத் துறையின் காவலில் உள்ளன. வடகிழக்குப் பருவமழை கொட்டும் இரவுகளில், கரை உடையுமா நிற்குமா, மதகைத் திறப்பதா மூடுவதா என்று நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அத் துறையின் கீழ்நிலைப் பொறியாளரும் அவரொடு நிற்கும் கரைக் காவலருமே. திறந்தால் கீழேயுள்ள ஊர் மூழ்கும். மூடினால் கரை போகும். 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையை மூழ்கடித்தபொழுது, நீரைத் திறந்துவிடும் முடிவு ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை உயிர்களைத் தொட்டது என்பதை நாடே கண்டது. இப் பொறுப்பை அளக்கும் கோல் எங்குள்ளது? பட்டியலை எழுதியவர் எந்த ஏரிக்கரையில் நின்று இதனை அளந்தார்?

படிப்பும் அன்று, பணியின் பொறுப்பும் அன்று எனின், இவ் வேறுபாட்டின் வேர் வேறெங்கோ உள்ளது. அது வெள்ளையராட்சியில் உள்ளது.

கிண்டிப் பொறியியற் கல்லூரியின் முதல் வித்து, 1794-இல் நில அளவைப் பள்ளியாகச் சென்னையில் இடப்பெற்றது. இந்தியப் பொதுப்பணிக்கென்றே பொறிஞர்களை ஆயத்தஞ் செய்ய இங்கிலாந்தின் கூப்பர்சு இல்லில் ஒரு கல்லூரி திறக்கப்பெற்றதோ 1870-களின் தொடக்கத்தில். அது 1906-இல் மூடப்பெற்றது. அங்குப் படித்து வந்தவர் பேரரசுப் பணியினர். இங்குப் படித்தவர் மாகாணப் பணியினர். பணி ஒன்று, அணை ஒன்று, வெயில் ஒன்று, ஊதியம் மட்டும் இரண்டு. இங்குள்ளவன் கட்டலாம், ஆளல் கூடாது என்பதும், கட்டுவோன் ஆள்வோனுக்குக் கீழேயே நிற்றல் வேண்டும் என்பதும் அவ்வாட்சியின் எழுதாச் சட்டங்கள். வரி தண்டுவோனே நாட்டின் தலைவன்; ஏனையோர் அவனுக்கு ஏவலர். அயலான் ஆட்சிக்கு அது பொருந்தும். அவன் இங்கு வந்ததே வரி தண்டத்தான். வெள்ளையன் போய்விட்டான், அவன் போட்டுவிட்டுப் போன நாற்காலிகளின் உயரம் மட்டும் அப்படியே இருக்கின்றது.

ஆழங்காணா மணலில் அடித்தளம் இடும் நுட்பத்தைக் கல்லணை கட்டியோரிடமே தாம் கற்றதாக ஆர்தர் காட்டன் எழுதிவைத்தார். கட்டுவோனை மதிக்க அவ் வெள்ளைப் பொறிஞர்க்குத் தெரிந்திருந்தது. அவரினத்தவர் அமைத்த ஆட்சிமுறையைக் கட்டிக்கொண்டழும் நம்மவர்க்குத்தான் தெரியவில்லை.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்விடைவெளியை ஒருமுறை அரசே மூடியது. பின்னர் அரசே மீண்டும் திறந்தது.

முந்தைய ஊதியத் திருத்தத்தின் முரண்களை ஆராய அமர்த்தப்பெற்ற ஒருவர் குழுவின் பரிந்துரைக்குப் பின், 2010-இல் உதவிப் பொறியாளர்தம் ஊதியம், 15,600–39,100 என்னும் கட்டும் 5,400 உருபாத் தர ஊதியமுமாக உயர்த்தப்பெற்றது. துணை ஆட்சியர் நின்ற கட்டும் அதுவே. மூன்றாண்டு கழிந்தது. 2013 சூலையில், ஊதியக் குறைதீர் பிரிவு என்னும் பெயரால் வந்த ஆணை, அதனை 9,300–34,800 கட்டுக்கும் 5,100 தர ஊதியத்துக்கும் இறக்கியது. குறைதீர் பிரிவு குறையைத் தீர்க்கவில்லை. ஊதியத்தைக் குறைத்துத் தீர்த்தது. பின்னர் வழக்குகள், மேல்முறையீடுகள், ஓய்வு பெற்ற நடுவர் தலைமையில் மற்றுமொரு குழு என ஆண்டுகள் பல உருண்டன.

அக்கட்டுகளின் தொடக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். மேற்கட்டில் தொடங்கினால் 21,000. கீழ்க்கட்டில் தொடங்கினால் 14,400. வேறுபாடு 6,600 உருபா. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட அடுத்த திருத்தத்தில் மேற்கட்டு 56,100 ஆகவும் கீழ்க்கட்டு 37,700 ஆகவும் மாறின. 6,600 என்னும் பிளவு 18,400 என்னும் பள்ளமாயிற்று. ஊதியத் திருத்தத்தின் இயல்பே இதுதான். அது பழைய தொகையைப் பெருக்குகின்றது. பெருக்கும்பொழுது பழைய பிழையையும் சேர்த்துப் பெருக்குகின்றது. அடித்தளத்தில் விரலளவு சாய்ந்த சுவர் உச்சியில் முழமளவு சாயும் என்பதைப் பொறிஞர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

2010-இல் உயர்த்தியது ஞாயமெனின் 2013-இல் குறைத்தது ஞாயமன்று. குறைத்தது ஞாயமெனின் உயர்த்தியது ஞாயமன்று. இரண்டும் ஞாயமாதல் இயலாது. அளவுகோல் ஒன்று இருந்திருப்பின் இவ்வாறு ஏற்றவும் இறக்கவும் நேர்ந்திராது. கோலின்றிக் கையால் அளந்தமையால், கை மாறியபொழுது அளவும் மாறிற்று.

அண்டை நாட்டையும் நடுவணரசையும் ஒப்புநோக்குவோம். கேரளத்தில், 2019 சூலை முதல் நாளை அடிப்படையாகக் கொண்ட ஊதியத் திருத்தத்தில், உதவிப் பொறியாளர்க்கு 55,200 தொடக்கமாயிற்று. நம் 37,700 என்பது 2016-இன் அடிப்படை. ஆகவே இரண்டையும் அப்படியே நிறுத்தி ஒப்பிடுதல் முறையன்று. 2019 சூலையில் இங்கு வழங்கிய 17 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்துப் பார்த்தால் நம் பொறியாளர் பெற்றது 44,109. ஒரே நாளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பாலும் அப்பாலும் ஒரே பணிக்கு 11,000 உருபா வேறுபாடு. அதன் பின்னர் அகவிலைப்படியை உரிய காலத்தில் தருவதில் கேரளம் பின்தங்கியது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பொறியாளரை எந்தப் படியில் நிறுத்துவது என்னும் மதிப்பில் அவர்கள் நம்மின் முந்தி நிற்கின்றனர்.

நடுவணரசில், பொறியியற் பணித் தேர்வு வழியாக முதல் பிரிவு அலுவலராகச் சேரும் பொறிஞர்க்கும், இந்திய ஆட்சிப் பணியில் சேர்பவர்க்கும் தொடக்க ஊதியம் ஒன்றே: 10-ஆம் நிலை, 56,100. பின்னர்ப் பணியுயர்வுகளின்பொழுது ஆட்சிப் பணியினர்க்கும் அயலுறவுப் பணியினர்க்கும் மிகைப்படிகள் தந்து அங்கும் ஆள்வோனை உயர்த்திவிடுகின்றனர் என்பது வேறு. நடுவணரசின் இளநிலைப் பொறியாளர்க்கு, பட்டயத்தோரும் எழுதத்தகும் தேர்வின் வழி, 6-ஆம் நிலையில் 35,400. அதற்கு மேலுள்ள 7-ஆம் நிலையோ 44,900. நான்காண்டுப் பட்டம் பெற்ற தமிழ்நாட்டு உதவிப் பொறியாளர் இவ்விரண்டுக்கும் நடுவே, கீழ்ப்படிக்கு 2,300 உருபா மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருக்கின்றார்.

நடுவணரசின் அவ்வாயில்களும் தமிழ் மாணவர்க்கு எளிதாகத் திறப்பதில்லை. பொறியியற் பணித் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதல் வேண்டும். பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இளநிலைப் பொறியாளர் தேர்வின் வினாக்கள் 2024 அறிவிக்கையின்படியும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே. தொடர்வண்டித் துறையின் தேர்வுகள் தமிழுள்ளிட்ட பதினைந்து மொழிகளில் நடைபெறும்பொழுது, இத்துறை மட்டும் செய்யவியலாது என்பது ஏமாற்றே. இந்தி பேசுவோன் தன் தாய்மொழியில் படித்து 35,400-க்குப் போட்டியிடுகின்றான். தமிழன் அயல்மொழியில் படித்து அதே 35,400-க்குப் போட்டியிடுகின்றான். ஊதியம் ஒன்றாயினும் விலை ஒன்றன்று.

இங்குத்தான் இச் சிக்கல் நம் மொழியுரிமையோடு நேரே வந்து முட்டுகின்றது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. இரண்டும் நல்ல செயல்கள். ஆயினும் 2023 மே திங்களில், உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்துப் பின்னர் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெறும் நிலைக்கு அப் பல்கலைக்கழகம் வந்தது. மாணவர் போதிய அளவு சேரவில்லை என்றனர். ஏன் சேர்வர்? தமிழில் பொறியியல் படித்தவனைத் தனியார் நிறுவனம் வாயிலிலேயே நிறுத்துகின்றது. அவனுக்கு உறுதியாகத் திறக்கும் கதவு தமிழ்நாட்டரசின் கதவு ஒன்றே. அக் கதவுக்குப் பின்னுள்ள படி தாழ்ந்தும், ஆண்டுக்காண்டு ஏறியிறங்கியும் கிடக்குமாயின், எந்தத் தந்தை தன் மகளை அவ்வகுப்பிற் சேர்ப்பான்? தமிழ்ப் பற்றை மேடையில் வளர்த்துவிடலாம். தமிழ்வழிக் கல்வியை வளர்ப்பது ஊதியப் பட்டியலே. உதவிப் பொறியாளரின் தொடக்க நிலையை உயர்த்தி உறுதி செய்வது, தமிழ்வழிப் பொறியியலுக்கு அரசு இடத்தக்க உரம்.

இனி, இவ் வினாவின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும்.

2018-இல், சட்டமன்றச் செயலகம் பெருக்குநர், துப்புரவாளர் பணியிடங்கள் பதினான்குக்கு விளம்பரம் செய்தது. தொடக்க ஊதியம் 15,700. வந்த விண்ணப்பங்கள் நாலாயிரத்தைந்நூற்றுக்கும் மேல். பொறியியல் பட்டத்தாரும் அவற்றுள் இருந்தனர். அடுத்த ஆண்டிலேயே கோவை மாநகராட்சியின் தூய்மைப் பணியிடங்கள் 549-க்கு ஏறத்தாழ 7,000 பேர் வந்து நின்றனர்; அவர்களிலும் பொறியியல் படித்தோர் இருந்தனர். நாளிதழ்கள் இச் செய்தியைப் பெரிய எழுத்தில் வெளியிட்டு இரங்கின. பொறிஞன் துடைப்பம் ஏந்துவதா என்பதே அவ் விரக்கத்தின் பொருள். நாம் அவ்வாறு இரங்கமாட்டோம். துடைப்பம் ஏந்துதல் இழிவன்று. ஒரு சாதியார் மட்டுமே அதனை ஏந்தல் வேண்டும் என்று வைத்ததே இழிவு. அத் தொழிலுக்கும் அரசு வேலை என்னும் உறுதியும், ஒழுங்கான ஊதியமும் கிடைத்த அளவிலேயே எல்லாரும் அதனை நாடி வந்தனர் என்பதில் ஒரு பாடமுண்டு. ஊதியம் தொழிலை உயர்த்துகின்றது. ஊதியத்தின் உறுதி அதனினும் உயர்த்துகின்றது.

இரங்கத்தக்கது வேறொன்று. நானூறு கல்லூரிகளைத் திறந்து, நிலத்தையும் நகையையும் விற்று வந்த பெற்றோர் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் பல்லாயிரம் பொறிஞரை வெளியில் அனுப்பும் ஒரு நாடு, அவர்தம் பொறியியலைப் பயன்கொள்ளும் வழியை அமைக்கவில்லையே என்பதுதான். மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்க்குத் தரும் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு மூன்றரை இலக்கத்தை ஒட்டிப் பத்தாண்டுக்கும் மேலாக அசையாது கிடக்கின்றது. அரசு தன் தொடக்க ஊதியத்தைத் தாழ்த்துமாயின் தனியாரும் தாழ்த்துவர். அரசு உயர்த்துமாயின் தனியாரும் உயர்த்த நேரும். அரசின் பட்டியல் அரசுப் பணியாளர்க்கு மட்டும் உரியதன்று; அதுவே அந்நாட்டின் மரக்கால்.

அரசிடம் பணம் இல்லை என்பர். உழவுக் கூலியாளும் நாட்கூலியாளும் வாடும் நாட்டில் திங்களுக்கு அறுபதாயிரத்தை நெருங்கிப் பெறுபவன் குறைகூறலாமா என்பர். இரண்டாவது வினா ஞாயமான வினா. அதற்கு நம் விடை இது: பொறிஞனைக் குறைத்ததனால் மிஞ்சிய பணம் எந்த உழவுக் கூலியாளின் கைக்கும் போகவில்லை. பொறிஞனின் உயர்வைக் கேட்பது பிறரின் தாழ்வைக் கேட்பதன்று. பட்டயம் பெற்றவர்க்கும் தமக்கும் 2,300 உருபாத்தான் வேறுபாடு என்று பொறியாளர் சிலர் பொருமுவதை நாம் ஏற்கோம். கீழுள்ளவன் அருகில் வந்துவிட்டான் என்பது குறையன்று. மேலுள்ளவன் எந்தக் கணக்கால் மேலே சென்றான் என்பதே கேட்கத்தக்க வினா.

பொறிஞர்க்கும் ஒரு சொல் கூறியாதல் வேண்டும். ஊதியம் குறைவு என்பது கையூட்டுக்கு உரிமச் சீட்டன்று. 37,700-இல் கை நீட்டியவன் 56,100-இலும் நீட்டுவான். அளவுப் பொத்தகத்தில் பொய்யளவு எழுதும் ஒருவன், தனக்கு அளவுகோல் வேண்டும் என்று கேட்கும் உரிமையை அக்கணமே இழக்கின்றான். மேலும், ஊரில் எழும் சாலைக்கும் தொட்டிக்கும் உரிய மதிப்பீட்டை, அவ்வூரார் படிக்கவியலாத ஆங்கிலத்தில் எழுதி அலுவலகத்தில் பூட்டிவைக்கும் பொறியாளர், மக்கள் தமக்காகப் பேசவில்லையே என்று வருந்துதல் வீண். நீங்கள் எத்தனை முழம் அளந்தீர், எத்தனை மூட்டை பைஞ்சுதை இட்டீர் என்பதைத் தமிழில் எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் வையுங்கள். உங்கள் பணியை ஊர் அறிந்தால் உங்கள் ஊதியத்துக்கு ஊரே வாதாடும். 2021 திசம்பர் முதல் நாள் ஆணையால், தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயமாயிற்று. தேர்வுக்காகக் கற்ற தமிழைத் தேர்வோடு விட்டுவிடாதீர்கள்.

காலம் குறுகியது. நடுவணரசு எட்டாம் ஊதியக் குழுவை 2025-இல் அமைத்துவிட்டது. நடுவணரசின் திருத்தத்தை அடியொற்றியே தமிழ்நாட்டரசும் தன் பட்டியலைத் திருத்துவது வழக்கம். பழைய தொகை மீண்டும் ஒருமுறை பெருக்கப்பெறும். அதற்குமுன் பிழை நீக்கப்பெறாவிடின், 18,400 என்னும் பள்ளம் இன்னும் அகன்று, அடுத்த பத்தாண்டுக்குக் கல்லில் எழுதியதாகிவிடும். ஆகவே இப்பொழுதே கேட்கின்றோம்.

ஒன்று: ஊதிய நிலைகளை வகுக்கும் அளவுகோலை, அதாவது படிப்பின் காலம், பணியின் பொறுப்பு, களத்தின் இடர், தவற்றின் விளைவு ஆகியவற்றுக்கு எவ்வெவ்வளவு மதிப்பு என்பதை, அரசு முதலில் எழுதித் தமிழில் வெளியிடுக. பட்டியல் அதன் பின்னர் வரட்டும்.

இரண்டு: அவ்வளவுகோலின்படி உதவிப் பொறியாளரின் தொடக்க நிலையை ஒருமுறை உறுதி செய்க. வேளாண்மை அலுவலரையும் அதே கோலால் அளக்க. உறுதி செய்தபின், சட்டமன்றத்தில் கரணியம் கூறாது அதனைக் குறைத்தல் கூடாது என நெறி செய்க.

மூன்று: துறைக்கொரு விலை என்பதை ஒழிக்க. மின்வாரியம் 2020-இல் உதவிப் பொறியாளர் பணிக்கு வெளியிட்ட அறிவிக்கையில் தொடக்கம் 39,800, பொதுப்பணியில் 37,700. பட்டம் ஒன்று, பெயர் ஒன்று எனின் தொடக்கமும் ஒன்றாகுக.

நான்கு: நிலையான பணியிடங்களில் தொகுப்பூதியத்துக்குப் பொறிஞரை அமர்த்துவதை நிறுத்துக. நிலையற்றவன் கையில் அளவுப் பொத்தகத்தைக் கொடுத்தல், மக்கள் உயிரைச் சூதாட்டத்தில் வைத்தலாகும்.

ஐந்து: நடுவணரசின் பொறியியற் பணித் தேர்வுகள் அனைத்தையும் தமிழில் எழுதும் உரிமையை, தமிழ்நாட்டரசு கேட்டுப் பெறுக.

இவற்றுள் எதுவும் இரப்பன்று. கூலம் விளைந்த களத்தில் நின்று, ‘மரக்காலைக் காட்டு’ என்று கேட்ட உழைப்பாளியின் வினாவே இது. நாடு முழுவதையும் அளந்து கட்டுவதற்கு ஒருவனை அமர்த்திவிட்டு, அவனை மட்டும் அளவின்றி வைத்திருப்பது அரசுக்கு அழகன்று. ஏரி நிற்பது கரையால். கரை நிற்பது அதனைக் காப்பவனால். காப்பவனின் படி உறுதியாக இருந்தால்தான் கரையும் உறுதியாக இருக்கும். இதனை அரசு எண்ணிப் பார்க்கட்டும். பொறியியல் பயிலும் தமிழிளைஞர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும். அளவுகோலைக் காட்டும்வரை, இவ் வினாவை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.